கைவண்டி வாங்கும் முன் வழியைப் பாருங்கள்



தராசு வாங்கினால் முத்திரையைப் பார்க்கிறோம். கல்லாப்பெட்டி வாங்கினால் பூட்டைப் பார்க்கிறோம். ஆனால் மூடை தள்ளும் கைவண்டி வாங்கப் போனால் மட்டும், நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் "என்ன விலை?" என்பதுதான். இருப்பதில் மலிவானதை எடுத்து வருகிறோம். ஆறு மாதத்தில் சக்கரம் ஆடுகிறது, தகடு துருப்பிடிக்கிறது, வண்டி கிட்டங்கி மூலைக்குப் போய்விடுகிறது. மூடை மறுபடியும் ஆளின் முதுகுக்கு ஏறிவிடுகிறது.

போடிநாயக்கனூரில் கைவண்டிக்கு மூன்று விதமான வேலை உண்டு. கடைவீதியிலும் கிட்டங்கியிலும் மூடை தள்ளுவது ஒன்று. கட்டட வேலையில் மணல், ஜல்லி, கலவை சுமப்பது இரண்டாவது. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் உரம், நாற்று, பச்சைக்காய் கொண்டு போவது மூன்றாவது. மூன்று இடத்துக்கும் நம் கடைகளிலிருந்துதான் சாமான் போகிறது. தோட்டத்துக்காரர் உரமும் தார்ப்பாயும் வாங்க வரும்போது, "எந்த வண்டி வாங்கலாம்?" என்று நம்மிடமே யோசனை கேட்பதும் உண்டு. ஆகவே இந்த விஷயத்தை நாம் சரியாகத் தெரிந்து வைத்திருப்பது நமக்கும் நல்லது, நம் வாடிக்கையாளருக்கும் நல்லது.

சொல்ல வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டி ஓடப்போகும் வழியைப் பார்த்த பிறகுதான் வண்டியைப் பார்க்க வேண்டும். சுமை சக்கரத்தின் மேல் உட்கார வேண்டும், ஆளின் கை மேல் உட்காரக் கூடாது.

சுமை எங்கே உட்காருகிறது?

கட்டட வேலையில் பார்க்கும் ஒற்றைச் சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்னால் ஒரு சக்கரம், நடுவில் தொட்டி, பின்னால் இரண்டு கைப்பிடி. சக்கரத்தின் அச்சிலிருந்து கைப்பிடி 4 அடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் 100 கிலோ சுமை. அந்தச் சுமையின் நடுப்பகுதி அச்சிலிருந்து 1 அடியில் இருந்தால், தூக்குகிற ஆளின் கைக்கு வருவது 25 கிலோ. அதே சுமை 2 அடி தள்ளி இருந்தால் கைக்கு வருவது 50 கிலோ. சுமை அதேதான், ஆளும் அதே ஆள்தான். தொட்டி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதில் மட்டும் 25 கிலோ வித்தியாசம் வந்துவிடுகிறது.

எனவே கடையில் வண்டியைப் பார்க்கும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். தொட்டி சக்கரத்தை ஒட்டி, கொஞ்சம் அதன் மேலேயே ஏறி இருந்தால் நல்ல வண்டி. தொட்டி பின்னால் தள்ளி, கைப்பிடியும் குட்டையாக இருந்தால், அது ஆளைச் சுமக்க வைக்கும் வண்டி.

சீனாவில் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஒற்றைச் சக்கர வண்டி இருந்தது. அங்கே பெரிய சக்கரத்தை வண்டியின் நடுவிலேயே வைத்து, சுமையை அதன் இரு பக்கமும் மேலும் ஏற்றினார்கள். முழு எடையும் சக்கரத்துக்குப் போய்விடும், ஆள் சாயாமல் பிடித்துத் தள்ளினால் போதும். ஐரோப்பாவில் பிறகு வந்த வண்டிக்குச் சக்கரம் முன்னால் இருந்தது. அதில் ஒரு பங்கு எடை ஆளின் கைக்கு வரும். ஆனால் தொட்டி தாழ்வாக இருப்பதால் ஏற்றுவதும் கொட்டுவதும் சுலபம். இன்று கட்டட வேலையில் நாம் காண்பது இந்த வகைதான்.

இரண்டு சக்கர வண்டியில் சுமையை அச்சுக்கு நேர் மேலே வைத்தால் கைக்கு எடையே வராது. சாயாமலும் நிற்கும். ஆனால் அதற்கு அகலமான, சமமான பாதை வேண்டும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் வண்டி முழுவதும் ஒரு பக்கம் சாயும். ஒற்றைச் சக்கரத்துக்கு ஓர் அடி அகலத்தில் பலகை போட்டால்கூடப் போதும். குறுகிய வழிக்கு ஒற்றைச் சக்கரம், அகன்ற சமதளத்துக்கு இரட்டைச் சக்கரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நம் மலையே சொன்ன பாடம்

இந்தச் சக்கரக் கணக்குக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. மூணாறு தேயிலையைக் கீழே கொண்டுவர, 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறிய சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஓடும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் ஓடி வண்டி சாயாமல் தாங்கும். இழுத்தவை மாடுகள். எடையைத் தண்டவாளத்தின் மேல் உள்ள சக்கரத்துக்குக் கொடுத்து, சாலைச் சக்கரத்தை நிலைநிறுத்த மட்டும் பயன்படுத்தினார்கள். 1908இல் அதை மாற்றி இரண்டடி அகல ரயில் பாதை ஆக்கினார்கள்.

டாப் ஸ்டேஷனுக்குக் கீழே மலை செங்குத்தாக இறங்குகிறது. அங்கே சக்கரத்தை வைத்து வம்பு செய்யவில்லை. கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளைக் குரங்கணிப் பக்கம் இறக்கினார்கள். அங்கிருந்து வண்டிகளில் போடிக்கு வந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், மலையாளத்தார் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்லும் அந்த வெள்ளத்தில், ரயில் பாதை அழிந்து போனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஒரே சரக்குக்கு மூன்று வழி, மூன்று வழிக்கும் மூன்று விதமான வாகனம். ஒரே வண்டி எல்லா இடத்துக்கும் ஆகும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டாம்.

சக்கரமும் டயரும்

பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் எளிதாகத் தாண்டும். சிறிய சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நிற்கும். அகலமான டயர் ஈர மண்ணில் புதையாது. ஒல்லியான இரும்புச் சக்கரம் ஒரு மழைக்குப் பிறகு மண்ணைக் கத்தி போல வெட்டிக்கொண்டு இறங்கிவிடும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் என்பவர் 1974இல் சக்கரத்துக்குப் பதிலாகப் பெரிய பந்து ஒன்றை வைத்தே தோட்டத்து வண்டி செய்தார். மெல்லிய மண்ணில் சக்கரம் புதையும் தொல்லைக்குத்தான் அந்த ஏற்பாடு.

காற்று டயர் அதிர்ச்சியைத் தாங்கும், தள்ள இலேசாக இருக்கும். கட்டட வேலைக்கும் மண் பாதைக்கும் அதுதான் ஏற்றது. டயர் அளவை அதன் பக்கவாட்டில் பாருங்கள். 4.00-8 என்று இருந்தால் அது ஆட்டோ ரிக்‌ஷாக்களில் பரவலாக ஓடும் அளவு. டியூப் போனாலும் டயர் போனாலும் ஆட்டோ டயர் விற்கும் எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். ஊரில் கிடைக்காத அளவில் டயர் உள்ள வண்டியை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கினால், முதல் பஞ்சரோடு வண்டி உட்கார்ந்துவிடும்.

கருவேல முள் கிடக்கும் தரைக்கும், பஞ்சர் கடை பல மைல் தள்ளி இருக்கும் தோட்டத்துக்கும் கெட்டி ரப்பர் சக்கரம் நல்லது. கொஞ்சம் கனமாகத் தள்ள வேண்டியிருக்கும், ஆனால் வேலை நிற்காது. டைல்ஸ் போட்ட கடைத் தரைக்கு நைலான் சக்கரம் சத்தம் போடும். மேலே ரப்பரோ பாலியூரிதேனோ பூசிய சக்கரம் சத்தமும் குறைவு, தரையும் கீறாது.

அச்சில் பால் பேரிங் இருக்கிறதா, வெறும் புஷ் இருக்கிறதா என்று கேளுங்கள். புஷ் உள்ள சக்கரம் தேய்ந்து ஆட ஆரம்பித்தால் தள்ளுகிற ஆளின் தோள்தான் அதைச் சரி செய்துகொண்டே போக வேண்டும்.

தொட்டியின் அளவு, தகட்டின் கனம்

தொட்டி பெரிதாக இருந்தால் லாபம் என்று நினைப்பது தவறு. பொதுவாகக் கிடைக்கும் 85 லிட்டர் தொட்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் காய்ந்த தொழு உரத்தை நிரப்பினால் ஓர் ஆள் சிரமம் இல்லாமல் தள்ளலாம். ஈர மணலை நிரப்பினால் ஏறக்குறைய 145 கிலோ. கான்கிரீட் கலவையை விளிம்பு வரை நிரப்பினால் 200 கிலோ தாண்டும். அதில் கால் பங்கு கைக்கு வந்தாலே 50 கிலோ ஆகிவிடும். ஒரு ஆண் கைகளால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரை செய்தது. அதுவும் நாள் முழுவதும் ஓயாமல் தூக்குவதற்குச் சொன்ன எடை அல்ல. ஆகவே கலவைக்குப் பாதித் தொட்டிதான் முழுத் தொட்டி. மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் அளவு உண்டு என்று நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். கலவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தகட்டைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடினால் தகடு மெலிசு என்பதை மறக்க வேண்டாம். 16 கேஜ் என்பது சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. ஜல்லிக்கும் கல்லுக்கும் 16 கேஜ் வேண்டும். மண்ணுக்கும் உரத்துக்கும் 18 போதும். ரசாயன உரம் இரும்பை அரிக்கும் சரக்கு. அந்த வேலைக்குத் துத்தநாகம் பூசிய தகடோ, கெட்டியான பிளாஸ்டிக் தொட்டியோ எடுப்பது நல்லது. எந்தத் தொட்டியானாலும் சாயங்காலம் கழுவிக் கவிழ்த்து வைத்தால் வண்டியின் ஆயுள் கூடும். செலவில்லாத இந்த வேலையைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம்.

கடைக்கும் கிட்டங்கிக்கும்

மளிகைக் கடைக்குத் தொட்டி வண்டி வேண்டியதில்லை. மூடையை நிறுத்தி, அடியில் தகட்டை நுழைத்து, சாய்த்துத் தள்ளும் இரண்டு சக்கர டிராலி போதும். அதிலும் நம் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. நல்ல ஏலக்காய் லிட்டர் எடை 400 கிராம் அளவில் நிற்கும். சர்க்கரை அதைப் போல இரண்டு மடங்கு கனம். அதனால் 50 கிலோ சர்க்கரை மூடை குட்டையாக இருக்கும், 50 கிலோ ஏலக்காய் மூடை 120 லிட்டருக்கு மேல் இடம் பிடித்து உயர்ந்து நிற்கும். எடை ஒன்றுதான், உருவம் வேறு. ஏலக்காய் வியாபாரிக்கு முதுகு உயர்ந்த, பக்கவாட்டில் பட்டை வைத்த டிராலி வேண்டும். சர்க்கரை, அரிசி, பருப்பு வியாபாரிக்கு உயரம் முக்கியம் இல்லை, அடித்தகடு கெட்டியாக இருக்க வேண்டும்.

நான்கு சக்கர மேடை வண்டி பெரிய கிட்டங்கிக்கு நல்லது. இரண்டு சக்கரம் நேராகவும் இரண்டு சக்கரம் திரும்பும்படியாகவும், ஒன்றிலாவது பிரேக்கும் இருக்க வேண்டும். நான்கும் திரும்பும் சக்கரமானால் சரிவில் வண்டி சொன்னபடி கேட்காது.

கடைவீதியில் சாக்கடை மூடிக்கும் கடைப்படிக்கும் நடுவே பலகை போட்டு ஏற்றுவது வழக்கம். படி ஒன்றரை அடி உயரம் என்றால், 6 அடிப் பலகையில் 100 கிலோ சரக்கும் 15 கிலோ டிராலியும் ஏற்ற ஏறக்குறைய 29 கிலோ அளவுக்கு உந்த வேண்டும். பலகையை 12 அடியாக்கினால் 14 கிலோ போதும். பலகைக்கு ஆகும் சிறு செலவு லோடுமேனின் இடுப்பைக் காப்பாற்றும். பலகை வழுக்காமல் இருக்கக் குறுக்கே சட்டம் அடித்துவிடுவதும், மேல் நுனியை நகராதபடி கொக்கி போட்டு மாட்டுவதும் அவசியம்.

ஏற்றமும் இறக்கமும்

மலைச்சரிவில் கணக்கு இன்னும் கடுமை. 100 கிலோ சரக்கும் 20 கிலோ வண்டியும், பத்தடிக்கு ஓரடி ஏறும் பாதையில், சுமார் 12 கிலோ உந்து கேட்கும். ஐந்தடிக்கு ஓரடி ஏறினால் 24 கிலோ. இதோடு மண்ணின் உராய்வும் சேரும். ஏறும்போது கேட்கும் அந்தப் பலத்தை இறங்கும்போது வண்டி நம் மேல் திருப்பிக் காட்டும். ஏற்றத்தில் களைத்தால் ஆள் நின்றுவிடலாம். இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது அவ்வளவு எளிதல்ல.

இதற்கு ஒரே விதிதான்: ஆள் எப்போதும் மேட்டுப் பக்கம், வண்டி எப்போதும் பள்ளத்துப் பக்கம். இறங்கும்போது வண்டி முன்னால் போக வேண்டும். செங்குத்தான இடத்தில் ஏறும்போது ஆள் முன்னால் நின்று வண்டியைப் பின்னால் இழுத்து ஏற வேண்டும். பாரம் அதிகமானால் இரண்டு நடையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒரு கட்டட வேலை நடந்தது. சிமெண்ட் ஏற்றிய வண்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டு இழுத்தபடி இறங்கினார் ஒரு தொழிலாளி. ஈர மண்ணில் கால் வழுக்கியது, வண்டி அவர் காலின் மேல் ஏறியது. எலும்பு கூடி அவர் மறுபடி வேலைக்குப் போக நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் அந்தக் குடும்பத்தின் அரிசியும் பருப்பும் எங்கள் பேரேட்டில்தான் ஏறியது. ஒரு தொழிலாளி விழுந்தால் அந்த நஷ்டம் வேலை கொடுத்தவரோடு நிற்பதில்லை, கடைவீதி வரை வரும். கணக்கை எப்படியும் நேர் செய்துவிடலாம். அவருடைய நடை பழையபடி ஆகவில்லை.

வண்டியே வேண்டாத இடம்

ஏலத்தோட்டத்துக்குள் வண்டி எங்கே வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஏலச்செடியின் வேர் ஆழமாகப் போவதில்லை, மேல்மண்ணிலேயே பரவுகிறது. செடிகளுக்கு நடுவே வண்டித் தடம் போட்டால் வேர் நசுங்கும், மழையில் அந்தத் தடம் ஓடையாகி மண்ணைக் கொண்டுபோகும். ஆகவே செடியிலிருந்து பாதை வரை சிறு சாக்குகளாகக் கையில் கொண்டுவருவதும், பாதையிலிருந்து ஸ்டோர் வரை வண்டியில் தள்ளுவதும்தான் சரி. ஒரு கிலோ காய்ந்த காய்க்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் வந்தாக வேண்டும். இவ்வளவையும் தலைச்சுமையாகவே முழுத் தூரமும் கொண்டுவரச் சொன்னால், கீழிருந்து ஜீப்பில் வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சாயங்காலம் வீட்டு வேலை செய்யத் தெம்பு இருக்காது.

இன்னொன்று. பூச்சிமருந்து ஏற்றிய வண்டியில் காயை ஏற்றக் கூடாது. கழுவிவிட்டோம் என்ற சமாதானமும் வேண்டாம். ஏலக்காய் வாசனையை இழுத்துக்கொள்ளும் சரக்கு. மருந்தின் மிச்சம் பரிசோதனையில் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும், போடி ஏலக்காய் என்ற பெயரும் அதோடு அடிபடும். மருந்து வண்டிக்குச் சிவப்பு, காய் வண்டிக்குப் பச்சை என்று பெயின்ட் அடித்துவிட்டால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். நம் கடையிலும் உர மூடை தள்ளும் டிராலியில் அரிசிச் சிப்பத்தை வைக்காமல் இருப்பது நல்ல பழக்கம்.

வாங்கும் நாளில்

கடையில் நின்றபடியே விலை பேசாமல், இந்தச் சில விஷயங்களைச் செய்து பார்த்து வாங்குங்கள்.

நாளும் வண்டி தள்ளப் போகிற ஆளையே கூட அழைத்துப் போங்கள். கைப்பிடி உயரம் அவருக்குப் பொருந்த வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டுப் பிடித்தால், கால் தாங்கி தரையை விட்டு எழும்ப வேண்டும்.

சாலையில் இரண்டு மூடை ஏற்றித் தள்ளிப் பாருங்கள். வெறும் வண்டி எல்லாமே இலேசாகத்தான் ஓடும்.

சக்கரத்தைச் சுழற்றி விடுங்கள். ஆடாமல், உரசாமல் சுற்ற வேண்டும்.

வெல்டிங் தொடர்ச்சியாக இருக்கிறதா, பொட்டுப் பொட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்ட போல்ட் இருக்க வேண்டும்.

கைப்பிடி நுனியில் ரப்பர் உறை இருக்கட்டும். குறுகிய வாசலில் விரல் நசுங்காமல் இருக்கக் கைப்பிடி உள்பக்கம் சற்று வளைந்திருந்தால் இன்னும் நல்லது.

வியாபார உபயோகத்துக்கு வாங்குவதால் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வணிகர்கள் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு மாதம் ஒரு நாள், கணக்கு முடிக்கும் நாளாகவே இருக்கட்டும், காற்று, கிரீஸ், போல்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

முன்பு 100 கிலோ மூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு மச்சுப்படி ஏறிய தொழிலாளர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலருக்கு ஐம்பது வயதில் நிமிர முடியாமல் போனதையும் பார்த்திருக்கிறோம். இன்று மூடை 50 கிலோவாகக் குறைந்திருக்கிறது, யூரியா மூடை 45 கிலோவாகி இருக்கிறது. ஆனால் சுமை தூக்க வரும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். இருக்கிறவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டு போகிறது. பல ஆண்டுகள் நம்மோடு இருந்து எந்த மூடை எங்கே அடுக்கியிருக்கிறது என்று இருட்டிலும் சொல்லத் தெரிந்த ஒரு லோடுமேனை இழந்தால், அப்படி இன்னொருவர் கிடைப்பது சுலபம் அல்ல. நல்ல டிராலிக்கும் மட்டமான டிராலிக்கும் உள்ள விலை வித்தியாசம், அவர் நான்கு நாள் இடுப்பு வலியில் வராமல் போனால் தீர்ந்துவிடும்.

அடுத்த சரக்கு லாரி வருவதற்குள், நம் கிட்டங்கியில் லாரி நிற்கும் இடத்திலிருந்து அட்டி போடும் இடம் வரை ஒரு முறை நடந்து பாருங்கள். படி எத்தனை, பள்ளம் எங்கே, வாசல் அகலம் என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு வண்டிக் கடைக்குப் போங்கள்.